மறந்தாரா, மாற்றினாரா? ரொக் மேடையில் மாறும் பாட்டு வரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நண்பர் ஒருவரின் மேல்மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்போம். கடற்கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது பாட்டை நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம். புதிதாக வருகிற ஒவ்வொருவரும், "அண்ணை, கசெட்டில இருக்கிற வரி இது இல்லையே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல அலுப்பாக இருப்பதால் எழுதி வைக்கிறேன். நான் ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் பேஸ் கிற்றார் வாசித்தவன். ஆராய்ச்சியாளன் இல்லை, காது மட்டும் கொஞ்சம் பழகியிருக்கிறது.

பாடகர் வரியை மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே மாற்றினாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த இரவின் பதிவைத் தேடுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மறதி இரண்டு நாள் ஒரே மாதிரி வராது. அதே இடத்தில் அதே புது வார்த்தை இரண்டாம் நாளும் வந்தால் அது முடிவு எடுத்து மாற்றியது.

ஒரே ஒரு பதிவுதான் கையில் இருக்கிறது என்றால் எதுகையைக் கவனியுங்கள் (இங்கே நான் சொல்வது வரிகளின் கடைசிச் சொற்கள் ஓசையில் ஒத்துப்போவதை). மறந்தவர் தாளத்தை விடமாட்டார், அது உடம்பிலேயே ஊறிப்போன விஷயம். ஆனால் எதுகையைக் கோட்டைவிடுவார். வரியின் தொடக்கம் கொழகொழவென்று இருக்கும், கடைசிச் சொல் முன்னைய வரியோடு ஒட்டாது, இல்லாவிட்டால் முதலாம் சரணம் இரண்டாம் தடவை வந்துவிடும். மாற்றி எழுதிக்கொண்டு வந்தவரின் வரி எதுகையோடு, முழு மூச்சோடு விழும். அதோடு பின்னால் நிற்பவர்களையும் கவனியுங்கள். வீடியோவில் டிரம்ஸ்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தால் அவருக்கே அது புதுச் செய்தி.

எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி ஒரு நல்ல உதாரணம் சொல்லுங்கள்.

யூ டூ குழுவின் 'பிரைட்'. 1984இல் வந்த பாட்டு. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதைப் பற்றிய சரணத்தில் 'ஏப்ரல் 4, அதிகாலை' என்று வரும். திகதி சரி, நேரம் பிழை. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் விடுதி பல்கனியில் நின்ற கிங்கைச் சுட்டது மாலை 6 மணி 1 நிமிடத்துக்கு. இசைத்தட்டு வெளியாகி உலகமெல்லாம் பரவிய பிறகு அதை எங்கே போய்த் திருத்துவது? குழுவின் பாடகர் போனோ மேடையில் திருத்தினார். பிற்காலக் கச்சேரிகளில் 'மோர்னிங்' இருந்த இடத்தில் 'ஈவினிங்' என்று பாடுவதைக் கேட்கலாம்.

இதை முதல் உதாரணமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோர்னிங், ஈவினிங் இரண்டும் பாட்டில் ஒரே அளவு இடத்தைத்தான் பிடிக்கின்றன. மெட்டு அசையவில்லை, வாத்தியக்காரர் எவருக்கும் சொல்லி வைக்கத் தேவையில்லை. காது கொடுத்துக் கேட்காதவனுக்கு மாற்றமே தெரியாது. நல்ல மாற்றம் பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் வரும்.

யாராவது கட்டாயப்படுத்தி மாற்றியது உண்டா?

தாராளமாக. 1967 ஜனவரியில் அமெரிக்காவின் எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் போனார்கள். 'இரவைச் சேர்ந்து கழிப்போம்' என்ற பல்லவி குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சிக்கு ஆகாது என்றதால் அது 'கொஞ்ச நேரம் சேர்ந்து கழிப்போம்' என்று மாறியது. மிக் ஜாகர் அப்படியே பாடினார், ஆனால் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் கண்ணை மேலே உருட்டிக் காட்டினார். அதே ஆண்டு செப்டெம்பரில் அதே மேடைக்கு டோர்ஸ் வந்தார்கள். போதை ஏறுவது போலத் தொனிக்கிற ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்கள். ஜிம் மொரிசன் நேரலையில் அந்தச் சொல்லையே பாடிவிட்டார். அவர்களை அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு கூப்பிடவில்லை.

இரண்டில் எது கெட்டித்தனம்? எங்கள் மேல்மாடியில் இதற்கு வாக்கெடுப்பே நடந்திருக்கிறது. எல்லோரும் மொரிசன் பக்கம். நான் ஜாகர் பக்கம். சொன்னதைச் செய்துகொண்டே சொன்னவனைக் கேலி பண்ணுவது கஷ்டமான வேலை.

கிங்க்ஸ் குழுவின் 'லோலா' கதை வேறு மாதிரி. 1970இல் அந்தப் பாட்டில் கொகா கோலா என்ற பெயர் வந்தது. பிபிசிக்கு விளம்பரம் ஆகாது. ரே டேவிஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் லண்டனுக்குப் பறந்துபோய் அந்த ஒரு சொல்லை 'செரி கோலா' என்று பாடிப் பதிந்துவிட்டு வந்தார். ஒரு சொல்லுக்காக அட்லாண்டிக் கடலைத் தாண்டின மனிதர்.

நிர்வாணா 1991இல் பிபிசியின் 'டொப் ஒஃப் த பொப்ஸ்' நிகழ்ச்சியில் செய்ததையும் பாருங்கள். வாத்தியங்கள் முன்பே பதிந்த ஒலிக்கு வாசிக்கிற மாதிரி நடிக்க வேண்டும், குரல் மட்டும் நேரடி என்பது ஏற்பாடு. கேர்ட் கோபேன் குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, முதல் வரியில் துப்பாக்கி இருந்த இடத்தில் போதைப்பொருளை வைத்துப் பாடினார். கிற்றாரையும் வாசிப்பதாக நடிக்கக்கூட இல்லை, சும்மா கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பார்த்தால் சிரிப்பு வரும்.

இசைத்தட்டில் இருப்பதுதானே அசல் வரி?

இந்த இடத்தில்தான் சண்டை தொடங்கும். பீட்டில்ஸின் 'ரெவலூஷன்' பாட்டை எடுங்கள். அழிவு வேலை என்று கதைத்தால் என்னைச் சேர்க்காதே என்று ஒரு வரி. 1968 ஓகஸ்டில் தனித்தட்டாக வந்தபோது ஜோன் லெனன் சேர்க்காதே என்று தெளிவாகப் பாடியிருந்தார். நவம்பரில் அல்பம் வந்தது, அதில் மெதுவான வடிவம். அங்கே 'சேர்க்காதே' என்று பாடி, உடனே 'சேர்த்துக்கொள்' என்றும் ஒட்டிவிட்டார். கேட்டவர்கள் மூன்று மாதத்தில் மனிதர் மனம் மாறிவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அல்பத்தில் இருக்கிற மெதுவான வடிவம்தான் முதலில் பதிவானது. பிந்தி வெளியானது முந்திப் பாடியது. தனித்தட்டுக்காக எடுத்த படத்திலோ, தட்டில் இல்லாத 'சேர்த்துக்கொள்' திரும்பவும் வந்து நிற்கிறது. வெளியான திகதியை வைத்துக்கொண்டு 'முதலில் இப்படி, பிறகு அப்படி' என்று சொன்னால் வழுக்கி விழுவோம்.

பொப் டிலனிடம் போனால் அசல் என்ற சொல்லுக்கே வேலையில்லை. (பாண்ட் இல்லை, தனி ஆள் என்பீர்கள். இந்த விஷயத்தில் அவரை விட்டுவிட்டுக் கதைக்க முடியாது.) 'டாங்கில்ட் அப் இன் புளூ' பாட்டை 1974 செப்டெம்பரில் நியூயோர்க்கில் பதிந்தபோது தொடக்கத்தில் 'அவன்' படுத்திருக்கிறான். டிசெம்பரில் மினியாபொலிஸில் திரும்பப் பதிந்தபோது படுத்திருப்பது 'நான்'. 1975இல் அல்பத்தில் வந்தது இந்த 'நான்'. 1984 சுற்றுப்பயணத்தில் சரணங்களையே பெரும்பாலும் புதிதாக எழுதிக்கொண்டு மேடைக்கு வந்தார், பழையபடி 'அவன்' வந்துவிட்டான். ஒரே பாட்டு, கதை சொல்கிற ஆள் யார் என்பதே நிலையில்லை. 1984 கச்சேரித் தட்டை நான் முதலில் கேட்டது பம்பலப்பிட்டியில் ஒரு ரெக்கோடிங் பாரில் கொப்பி எடுத்த கசெட்டில். கடைக்காரர் வேறு ஏதோ பாட்டைப் பதிந்து தந்துவிட்டார் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன்.

தாங்கள் எழுதிய வரிக்குத் தாங்களே வெட்கப்பட்டு மாற்றியவர்கள்?

பரமோர் குழுவின் 'மிசரி பிஸ்னஸ்' 2007இல் வந்தது. ஹேலி வில்லியம்ஸ் பதின்ம வயதில் எழுதியது. இன்னொரு பெண்ணை மட்டமாகத் திட்டுகிற ஒரு வரி அதில் உண்டு. வயது ஏற ஏற அதைப் பாட அவருக்கு மனமில்லாமல் போனது. 2018இல் அந்தப் பாட்டையே மேடையிலிருந்து எடுத்துவிட்டார்கள், 2022இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸின் 'பிரவுன் சுகர்' 1971. அடிமை வியாபாரத்தையும் சவுக்கையும் ஆட்டம் போடுகிற மெட்டில் வைத்த பாட்டு. 'கறுப்புப் பெண்' என்று வரும் இடத்தை ஜாகர் மேடையில் 'இளம் பெண்' என்று மாற்றிப் பாடிய காலம் உண்டு. அதுவும் போதாமல் 2021 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பாட்டையே விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. ஒரு சொல்லை மாற்றினால் மற்ற வரிகள் அப்படியேதான் நிற்கின்றன. பாட்டின் பிரச்சினை முழுப்பாட்டிலும் இருக்கும்போது ஒரு சொல்லை மெழுகுவதைவிடப் பேசாமல் விடுவதே நேர்மை. சரி, இது என் கருத்து.

அரசியலுக்காக மாற்றுவது?

கிறீன் டேயின் 'அமெரிக்கன் இடியட்' 2004இல் வந்தது. 'ரெட்நெக்' (அமெரிக்க நாட்டுப்புற வெள்ளைக்காரரை மட்டமாகச் சொல்கிற பெயர்) கூட்டத்தின் திட்டத்தில் எனக்குப் பங்கில்லை என்று ஒரு வரி. 2023 டிசெம்பர் 31 இரவு, புத்தாண்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு டிரம்ப் ஆதரவாளர்களின் 'மாகா'வை வைத்தார்கள். 2025 ஜனவரியில் ஜோகன்னஸ்பேர்க்கில் பாடும்போது அதே இடத்தில் 'ஈலோன்' வந்தது. ஈலோன் மஸ்க் பிறந்த நாட்டில் நின்றுகொண்டு. இருபது வருடப் பாட்டில் ஒரே ஒரு சொல்லுக்கு இடம் காலியாக விட்டு வைத்திருப்பது போல இருக்கிறது, தேவைக்கு ஏற்றதைச் செருகிக்கொள்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது கிராஃப்ட்வெர்க். ரொக் இல்லை, மின்னணு இசைதான், சண்டைக்கு வராதீர்கள். 1975இல் 'ரேடியோ அக்டிவிட்டி' என்று பாடியபோது அதில் எதிர்ப்பும் இல்லை, ஆதரவும் இல்லை. வானொலியையும் கதிர்வீச்சையும் வைத்து ஒரு சிலேடை, அவ்வளவுதான். 1991இல் மறுபடி பதிந்தபோது முன்னால் 'நிறுத்து' என்ற சொல் ஏறியது, செர்னோபில், ஹரிஸ்பேர்க், செலாஃபீல்ட், ஹிரோஷிமா என்று ஊர்ப் பெயர்கள் ஏறின. 2012இல் டோக்கியோவுக்குப் பக்கத்தில் அணுசக்திக்கு எதிரான இசை நிகழ்ச்சியில் புகுஷிமாவும் சேர்ந்தது, ஜப்பானிய மொழி வரிகளும் வந்தன. உலகத்தில் ஒரு விபத்து நடக்க, பாட்டில் ஒரு பெயர் கூடுகிறது. அந்தப் பட்டியலை வரிசையாகக் கேட்கும்போது வயிற்றை என்னவோ செய்யும்.

இரசிகர்கள் பிழையாகக் கேட்டதைப் பாடகர் ஏற்றுக்கொண்டது உண்டா?

ஜோன் ஃபோகர்ட்டி. கிரீடென்ஸ் குழுவுக்காக 1969இல் அவர் எழுதிய பாட்டில் 'கெட்ட நிலா எழுகிறது' என்று வரும். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் 'வலது பக்கம் கழிவறை இருக்கிறது' என்று காதில் விழும். ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் கேட்டார்கள். ஃபோகர்ட்டி பிற்காலக் கச்சேரிகளில் வேண்டுமென்றே கழிவறையைப் பாடிவிடுவார். நான் சின்ன வயதில் கேட்டதும் கழிவறைதான்.

எங்கள் இசையில் இப்படி உண்டா, இது வெள்ளைக்காரன் பழக்கமா?

கர்நாடகக் கச்சேரியில் நிரவல் கேட்டிருப்பீர்கள். ஒரே வரியை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் சுற்றுவார்கள். சுரம் போகிற பாதை ஒவ்வொரு தடவையும் வேறு, சொல்லில் மட்டும் கை வைக்கமாட்டார்கள். ரொக் மேடை இதற்கு நேர் தலைகீழ். மெட்டு எல்லோருக்கும் மனப்பாடம், அது அசையக்கூடாது, சொல்தான் விளையாடும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இரண்டு இசையையும் கேட்கிற காது வேறு வேறு என்று விளங்கும். நிரவல் கேட்டு வளர்ந்த என் சித்தப்பாவுக்கு, பாடகன் வரியை மாற்றினால் அது பாடாந்தரப் பிழை. கதை முடிந்தது.

ஆனால் இலங்கையில் பைலா என்கிற ஆட்டப்பாட்டை மறந்துவிடக்கூடாது. வொலி பஸ்தியன் காலத்திலிருந்து வருகிற வாத பைலாவில் மெட்டும் தாளமும் கொடுக்கப்பட்டிருக்கும், போட்டியாளர்கள் மேடையிலேயே வரி கட்டி ஒருவரையொருவர் மடக்க வேண்டும். அங்கே மாறாத வரி பாடினால்தான் குற்றம். 'சுராங்கனி' பாட்டைச் சுற்றுலா பஸ்ஸில் பாடாதவர் கொழும்பில் இருக்கமாட்டார். எத்தனை சரணம் என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். பஸ்ஸில் இருக்கிற விரிவுரையாளர், சாரதி, காதலிக்கிற சோடி எல்லோருக்கும் ஒவ்வொரு சரணம் கிடைக்கும். றோயல் - தோமியன் பாடசாலைக் கிரிக்கெட் மட்ச்சில் பப்பரே வாத்தியம் எழுப்புகிற மெட்டுக்குப் பொடியன்கள் கத்துகிற வரி வீட்டில் சொல்லக்கூடியதாக இருக்காது. 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தில் கேட்ட கோஷங்கள் பலவும் அதே பப்பரே தாளத்தில்தான் போயின.

பாடகர்கள் ஊர்ப் பெயரைச் செருகுகிறார்களே, 'கொழும்பு' எந்தப் பாட்டிலும் பொருந்துமா?

பொருந்தாது, அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். ஆங்கிலத்தில் 'கொ-லம்-போ' என்றால் மூன்று அசை, அழுத்தம் நடுவில். லண்டன் இரண்டு அசை, அழுத்தம் முதலில். லண்டன் என்று தொடங்குகிற வரியில் லண்டனைத் தூக்கிவிட்டுக் கொழும்பை வைத்தால் 'கொ' தாளத்துக்கு முன்னாலேயே வந்து விழ வேண்டும், அல்லது 'கொ'வில் அடி விழுந்து பெயர் கெட்டுவிடும். சிக்காகோ, டொரொண்டோ இருக்கிற இடத்தில் கொழும்பு அச்சாகப் பொருந்தும், மூன்றுக்கும் ஒரே ஓட்டம். தமிழ் யாப்பில் சொன்னாலும் இதே கதைதான். லண்டன் தேமா, கொழும்பு புளிமா. யாழ்ப்பாணம் தேமாங்காய், அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். மட்டக்களப்பைச் செருக நினைப்பவர் தனியாக ஒரு பாட்டே எழுதிவிடுவது நல்லது.

தெஹிவளைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் பாடகர் யாருக்கும் சொல்லாமல் லண்டனைக் கொழும்பு ஆக்கினார். டிரம்ஸ்காரர் 'லம்'மை முதல் அடியாக எடுத்தார். நான் 'கொ'வை எடுத்தேன். அரை அடி தள்ளி இரண்டு பேரும் ஒரு சரணம் முழுக்க ஒருவரையொருவர் துரத்தினோம். பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்குக் கிட்ட வந்து, "தம்பி, செக்கிங் முடிஞ்சுதா, இனித் தொடங்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

நாங்கள் மற்றவர்களின் பாட்டு வாசிக்கிற குழு. வரியை மாற்றலாமா?

ஊர்ப் பெயரைச் செருகுவதற்கு யாரும் வழக்குப் போட்டுக் கேள்விப்படவில்லை. ஆனால் முழுச் சரணத்தையும் மாற்றி எழுதிப் பதிந்து வெளியிடுவது வேறு விஷயம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பைத் தழுவி மாற்றும் உரிமை உரிமையாளருடையது. தன் பெயருக்குக் கேடு வருகிற மாதிரி படைப்பைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமையும் படைத்தவருக்கு உண்டு. காப்பு, அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 ஆண்டுகளும். ஆகவே பதிவதற்கு முன் அனுமதி கேளுங்கள். மேடையில் மாற்றுவதென்றால் முதலில் டிரம்ஸ்காரரிடம் சொல்லுங்கள்.

வயது போனதால் வரியை மாற்றுகிறார்களா?

சுருதியை இறக்குவார்கள், உச்சத்தில் வரும் சொல்லைக் கூட்டத்திடம் விட்டுவிட்டு மைக்கை நீட்டுவார்கள். வார்த்தையை மாற்றுவது குறைவு. காலடியில் வரி ஓடுகிற திரை வந்த பிறகு மறதியும் குறைந்துவிட்டது, எங்களைப் போன்றவர்களுக்கு அது நட்டம்.

நேரடிக் கச்சேரி அல்பத்தை ஆதாரமாக எடுக்கலாமா?

கவனம். கச்சேரி அல்பம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் குரலைப் பிறகு ஸ்டூடியோவில் திருத்துவது உண்டு. தின் லிஸ்ஸியின் 1978 கச்சேரி அல்பத்தில் எவ்வளவு பகுதி மேடையில் பதிந்தது, எவ்வளவு பிறகு சேர்த்தது என்பதில் தயாரிப்பாளர் டோனி விஸ்கொன்டி ஒன்று சொன்னார், குழுவினர் வேறொன்று சொன்னார்கள். வரி மாற்றம் தேடுகிறவர்களுக்குக் கூட்டத்தில் நின்று ஒருவன் பதிந்த இரைச்சல் பதிவே மேல். அதை யாரும் திருத்தியிருக்கமாட்டார்கள். இருமல் சத்தம் கேட்டால் இன்னும் நம்பலாம்.

பாடகர் வரியை மாற்றினால் நாங்கள் எதைப் பாடுவது?

எங்கள் கூட்டத்தில் ஒருவர் முப்பது வருடமாகக் 'காலை' என்றுதான் பாடுகிறார். போனோ மாலை என்று பாடும் பதிவைப் போட்டாலும் இவர் அதற்கு மேலால் இன்னும் உரத்துக் காலை என்பார். மெம்பிஸில் சுட்டது 6 மணி 1 நிமிடத்துக்கு என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. "தெரியும் மச்சான், காலை ஆறு மணி ஒரு நிமிஷம்" என்பார். கோச்சி வந்தால் மட்டும் நிறுத்துவார்.